எழுதிக்கொடுப்பவரின் உடல்நிலை

எனக்குத் தீராத நோய் இருக்கிறது என்பதை ஒரு பத்திரத்தின் வரைவில்தான் முதன்முதலில் படித்தேன். பத்திரம் என் பெயரில் இருந்தது. எழுதியது நான் இல்லை.

நான் ஆவண எழுத்தர். திருநெல்வேலியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட கடைகளின் வரிசையில் மூன்றாவது கடை என்னுடையது. இருபத்திரண்டு வயதில் தட்டச்சு அடிக்க வந்தவள், பிறகு உரிமம் வாங்கினேன். இப்போது ஐம்பத்து நான்கு. கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று ஊரில் பாதிப் பேருடைய வீட்டுக் கதை எனக்குத் தெரியும். இந்த வரிசையில் எனக்கு ஒலிபெருக்கி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. காரணம், பத்திரத்தை முழுக்க வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் ஒருவரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன். எல்லாப் பத்திரத்தின் முடிவிலும் படித்துப் பார்த்தும் படிக்கக் கேட்டும் சம்மதித்ததாக ஒரு வரி வரும். அந்த வரியை எல்லாரும் எழுதுவார்கள். அதன்படி நடக்கத்தான் யாருக்கும் நேரம் இருக்காது. ராகுகாலம் வந்துவிடும் என்று ஆட்கள் பறப்பார்கள். நான் பறக்க விடுவதில்லை. வில்லங்கமான வரி வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தி முணுமுணுத்துவிட்டுக் கடந்து போகிற வித்தை இந்தத் தொழிலில் உண்டு. எனக்கும் தெரியும், செய்யமாட்டேன். கேட்கப் பிடிக்காத வரியைக் கொஞ்சம் சத்தமாகவே வாசிப்பேன். என் குணம் அப்படி.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பத்திரம் பதிய அதிகம் பேர் வரமாட்டார்கள். பக்கத்துக் கடை அண்ணாச்சி, அவரும் ஆவண எழுத்தர்தான், இரண்டு தாள்களை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

“யம்மா, கேட்டா தப்பா நெனைக்கப்பிடாது. உங்க வீட்டுப் பத்திரத்த நீங்க எழுதாம எதுக்கு என்கிட்ட குடுத்துருக்காவ?”

“யாரு குடுத்தது?”

“உங்க வீட்டுக்காரரும் உங்க அண்ணனும். உங்ககிட்ட சொல்லாண்டாம்னாவ. சொல்லாம எப்படி? நாளைக்கு நீங்கதான வந்து கையெழுத்துப் போடணும். அன்னைக்கு உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

என் கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பாபநாசம் போகிற தடத்தில் இருபத்தைந்து வருடம் ஓட்டியவர். ஊரில் இத்தனை ஆவண எழுத்தர்கள் இருக்க, எனக்குத் தெரியாமல் எழுத வேண்டிய பத்திரத்தை என் பக்கத்துக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நம்பிக்கையான ஆள் என்று அவருக்குத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அந்த வெள்ளை மனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

வரைவை வாங்கிப் படித்தேன். தச்சநல்லூரில் என் பெயரில் இருக்கும் வீட்டை என் ஒரே மகளுக்குத் தானமாக எழுதிக்கொடுக்கிறேன். ‘தீராத நோயினால் எனது உடல்நிலை நலிவுற்றிருக்கிறபடியால்’ எழுதிக்கொடுக்கிறேன். அதற்கு அடுத்த வரியிலேயே, நல்ல சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் எழுதிக்கொடுக்கிறேன். கிழக்கு எல்லையில் பாதையின் அகலத்தை அண்ணாச்சி விட்டிருந்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து அதைத் திருத்தினேன். சர்வே எண்ணில் உட்பிரிவு விட்டுப்போயிருந்தது. அதையும் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் கை நின்றது.

“என்ன நோய்னு சொன்னாவ?”

அண்ணாச்சி வாசல் தூணைப் பார்த்தார். “கேன்சர்னாவ. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதும்மா.”

இதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இது தொடங்கியது. தீட்டு நின்று ஐந்து வருடம் கழித்து, ஒரு நாள் காலையில் புடவையில் ரத்தம் பட்டிருந்தது. சூடு என்று நினைத்துக்கொண்டேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மறுபடி பட்டது. எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது, “உனக்கு வயசு திரும்புது போல” என்று கிண்டல் செய்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் என்னை மன்னிக்கவில்லை. நின்றுபோன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்கிற பேச்சாகவே அது எங்கள் தெருவில் இல்லை.

மூன்றாவது முறை பட்டபோது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உட்புறம் தடித்திருக்கிறது, கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று நர்ஸ் வெளியே வந்து, “சார் மட்டும் உள்ள வாங்க” என்றாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பைப் பற்றிய பேச்சு கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது. கால் மணி நேரம் கழித்து வந்தவர், “சின்னக் கட்டிதான். மாத்திரையில கரைஞ்சிரும்” என்றார். முகத்தைக் காட்டாமல் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனார்.

அதன் பிறகு வீட்டில் எல்லாரும் என்மேல் அன்பாகிவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துண்டைக்கூட மடிக்காத மனிதர் பாத்திரம் கழுவினார். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து என் அண்ணன் ஒரு தார் நேந்திரம்பழத்தோடு வந்து இறங்கி, அப்படியே தங்கிவிட்டார். கூட வந்த அவர் மனைவி, என் மைனி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சாம்பாரில் உப்பு இல்லை என்று நானே சொல்லியும், “அமிர்தமா இருக்கு” என்றார்கள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தேனே தவிர, எனக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணாச்சியின் வரைவு என் பையில் இருந்தது. ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். என் கணவர் எதை ஒளித்தாலும் ஒரே இடத்தில்தான் ஒளிப்பார், பழைய காக்கிச் சட்டைகள் இருக்கும் தகரப்பெட்டியில். மூன்றாவது சட்டைக்கு அடியில் கோப்பு இருந்தது.

அறிக்கை ஆங்கிலத்தில் ஒரு பக்கம். வாசிக்க எனக்கு வரும், சொத்து விவரம் ஆங்கிலத்தில் எத்தனையோ அடித்திருக்கிறேன். வாசித்தேன், ஒன்றும் புரியவில்லை. எண்டோமெட்ரியாய்டு. அடினோகார்சினோமா. கிரேடு மூன்று. கார்சினோமா என்றால் புற்று என்று ஒரு மருந்துக்கடைச் சுவரொட்டியில் பார்த்த ஞாபகம். அந்த வார்த்தை வரை வந்து, அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன். என் மகளின் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்றுதான் முதலில் தோன்றியது. எல்லாத் தாய்க்கும் தோன்றுவது எனக்கும் தோன்றியது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது, கிரேடு மூன்று என்பதைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது. ஓரத்தில் தமிழில், அதே பென்சிலில், ‘மூன்றாம் நிலை’ என்று எழுதியிருந்தது. என் அண்ணனின் கையெழுத்து. நூல் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அவர்தான் படித்து அர்த்தம் சொல்வார். அவர் சொன்ன அர்த்தத்தை இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை.

அந்த இடத்தில் என் பயம் ஒரு பக்கம் ஒதுங்கி, கோபம் ஏறியது. ஓர் ஆவணத்தின் ஓரத்தில், யார் எழுதியது என்ற ஒப்பம் இல்லாமல், பென்சிலில் ஒரு வார்த்தை. எங்கள் தொழிலில் ஓர் எழுத்தைத் திருத்தினால்கூட எழுதிக்கொடுப்பவர் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். இங்கே என் ஆயுளையே ஒருவர் பென்சிலில் திருத்தியிருக்கிறார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அறிக்கையையும் வரைவையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்திருந்தேன். என் கணவர் அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டன்னுதான் சொல்லல.”

“தாங்காதது நீங்க. நான் இப்பதான் மதியத்துலேருந்து தாங்கிட்டு இருக்கேன்.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “ஏட்டி, கத்தாத. இங்கிலீசுல தெளிவா போட்டுருக்கு. மூணு. மூணாவது நிலையில கத்தி வச்சா பரவிரும். இவரு அக்காவுக்கு என்னாச்சு? அறுத்தாவ, ஆறே மாசத்துல போய்ச் சேந்தா. அதான் வீட்ட இப்பவே புள்ள பேருக்கு எழுதிரலாம்னு பாத்தோம். மலையடிவாரத்துல ஒரு வைத்தியர் இருக்காரு. வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போவோம்னு முடிவு பண்ணிருக்கோம்.”

“யாரு முடிவு பண்ணுனது?”

“நாங்க ரெண்டு பேரும்தான்.”

“டாக்டரு என்ன சொன்னாவ?”

அண்ணன் என் கணவரைப் பார்த்தார். என் கணவர்தான் சொன்னார். “ஆப்பரேசன் பண்ணணும்னாவ. ரொம்பத் தள்ளிப்போடாதீங்கன்னாவ.”

“அதச் சொல்லி எத்தன நாளாச்சு?”

“பதினெட்டு நாளு.”

பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் நான் நேந்திரம்பழம் தின்றுகொண்டு, அவர் கழுவிய பாத்திரத்தில் பிசுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். முப்பது வருடமாக, கைநாட்டு வைக்கிற கிழவிக்குக்கூட ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டியவள் நான். எனக்கு வாசித்துக் காட்ட என் வீட்டில் ஆள் இல்லை. அன்று நான் என்னென்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. எதிர்வீட்டு அக்கா சன்னலைச் சாத்தினாள், அவ்வளவு சொன்னால் போதும்.

கடைசியில் அழுதது என் கணவர்தான். அக்காவை எரித்துவிட்டு வந்த நாளைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அவருடைய பயத்துக்காக நான் சாக முடியாது என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஏறி, ரெண்டு பேரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். “அவளுக்கு வயித்துல கொஞ்சம்…” என்று என் கணவர் ஆரம்பித்தார். வயிறு என்று சொன்னால் மரியாதை, கர்ப்பப்பை என்று சொன்னால் மானக்கேடு.

“வயித்துல இல்ல அண்ணாச்சி, கர்ப்பப்பையில. கேன்சர். டாக்டரப் பாக்கப் போறோம்” என்றேன். அந்த மனிதர் கையிலிருந்த சில்லறையைக் கீழே விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பாலத்துக்குக் கீழே தாமிரபரணியில் நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முதல்முறை அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது அங்கேதான். சொன்ன பிறகு அது கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். உள்ளே போனதும் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். “சார், இவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“டாக்டரம்மா, நோய் எனக்கு. சொல்லுதத என்கிட்ட சொல்லுங்க.”

“எல்லாத்தையும் சொன்னா நீங்க பயந்துடுவீங்கம்மா.”

“தெரியாமத்தான் பயந்துட்டு இருக்கேன். இத ஒரு வரி விடாம வாசிச்சு அர்த்தம் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்.”

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டேன். எழுதத் தாள் வேண்டும் என்று பையைத் துழாவியபோது கையில் அகப்பட்டது அந்தத் தானப் பத்திரத்தின் வரைவு. பின்பக்கம் வெற்றாக இருந்தது. அதையே திருப்பி மேசைமேல் வைத்தேன்.

அவர் என் பேனாவை வாங்கி அதில் ஒரு படம் வரைந்தார். தலைகீழாக வைத்த கொய்யாக்காய்போல் ஒன்று, மேலே இரண்டு பக்கமும் இரண்டு கொம்பு, கொம்பின் நுனியில் ஒவ்வோர் உருண்டை. “இது கர்ப்பப்பை. இந்த உருண்டை சினைப்பை. உள்ள இருக்கிற சவ்வுதான் எண்டோமெட்ரியம். மாசா மாசம் உரிஞ்சு வந்துச்சே, அது. உங்களுக்கு அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. அடினோன்னா சுரப்பி. அந்தச் சவ்வுல இருக்கிற சுரப்பி செல்லுல வந்த புற்று. அதைச் சுத்தி இந்தத் தடிச்ச சுவர் இருக்கு பாருங்க, இது தசை. மயோமெட்ரியம்.”

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். எழுத எழுத, முந்தின நாள் என்னைத் தரையில் உட்காரவைத்த அந்தப் பெரிய வார்த்தை இரண்டு மூன்று சின்ன வார்த்தைகளாகப் பிரிந்து தாளில் கிடந்தது.

“கிரேடு மூணுன்னா மூணாவது நிலையா?”

“இல்லம்மா. ரெண்டும் வேற வேற. கிரேடுங்கிறது செல்லோட குணம். மைக்ராஸ்கோப்புல பார்த்தா அது சாதாரண செல்லு மாதிரி எவ்வளவு இருக்கு, எவ்வளவு மாறிப்போச்சுன்னு சொல்றது. ஸ்டேஜ், அதான் நிலை, அது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்றது. கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கா, வெளிய போயிடுச்சான்னு.”

“எனக்கு எந்த நிலை?”

“அது இன்னும் யாருக்குமே தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தா ஓரளவு தெரியும். ஆப்பரேஷன் பண்ணி எடுத்ததை முழுசாப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். யாருக்குமே தெரியாத ஒன்றை விக்கிரமசிங்கபுரத்தில் இருந்து வந்து ஒருவர் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறார். அதை நம்பி இவர் வீட்டை எழுதி வாங்கப் போயிருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மாவுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

“நான் கிரேடுன்னுதான் சொன்னேன். சார் அதை ஸ்டேஜ்னு எடுத்துக்கிட்டது எனக்குத் தெரியல. உங்ககிட்டயே நேராச் சொல்லியிருக்கணும்” என்றார்.

“ஆமா, சொல்லிருக்கணும்” என்றேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். கிரேடு மூணு நல்ல குணம் இல்ல. வேகமானது. அதனாலதான் சீக்கிரம் எடுக்கணும்கிறேன். கத்தி பட்டாப் பரவும்ங்கிறது தப்பு. அப்படியே விட்டாத்தான் பரவும்.”

அதையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். என் கணவரிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னேன். அவர் மெல்ல வாய்விட்டு வாசித்தார். வெள்ளிக்கிழமை மலையடிவாரத்துக்கு யாரும் போகவில்லை. நான் எம்ஆர்ஐ குழலுக்குள் படுத்திருந்தேன். அது போட்ட சத்தத்தில், எண்டோமெட்ரியம், மயோமெட்ரியம் என்று பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே கிடந்தேன். அன்று மதியம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அழுதாள். அழுது முடித்துவிட்டு, அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். என் வயிற்றில் பிறந்தவள்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பகலில் வார்டில் சேர்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி ஒப்புதல் படிவத்தோடு வந்து, அதை நேராக என் கணவரிடம் நீட்டினாள். நான்கு பக்கம். “வீட்டுக்காரர் இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கம் ஒண்ணு.”

என் கணவர் பேனாவைக் கையில் வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். பேனாவை என்னிடம் தந்துவிட்டார்.

“அவிய சாட்சிக்குப் போடட்டும். எழுதிக்குடுக்கிறவ நான்” என்றேன். “மொதல்ல வாசிச்சுக் காட்டுங்க.”

“எல்லாருக்கும் குடுக்குற ஃபாரம்தான்மா.”

“எல்லாருக்கும் வாசிக்கணும். எனக்கு வாசிங்க.”

நல்ல பிள்ளை, வாசித்தாள். கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், இரண்டு குழாய்கள், இரண்டு சினைப்பைகள், இடுப்புப் பகுதியில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்படும். ரத்தம் ஏற்ற நேரிடலாம். சிறுநீர்ப்பைக்குக் காயம் ஏற்படலாம். அடுத்த வரி வந்ததும் அவள் குரல் இறங்கி, உதடு மட்டும் அசைந்தது. எனக்குத் தெரிந்த வித்தை அது.

“அந்த வரியக் கொஞ்சம் சத்தமா வாசிங்கம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். “மிக அரிதாக உயிரிழப்பு ஏற்படலாம்.”

“சரி. அடுத்தது.”

வார்டில் எட்டுக் கட்டில். அவள் வாசித்தது எல்லாக் கட்டிலுக்கும் கேட்டிருக்கும். முடிவில் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா படுத்திருந்தார். ஜெபமாலையை விரலில் சுற்றியபடி. அவருக்கு வயிற்றில் வாயு உருண்டை என்று அவருடைய மகன் சொல்லியிருந்தான். வாயு உருண்டைக்கு ஏன் இந்த வார்டில் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வது என் வேலை இல்லை என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன், என் வாழ்க்கையில் அபூர்வமாக. அவர் கொஞ்ச நேரம் என் கையெழுத்தையே பார்த்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, எனக்கும் இதே போல ஒரு காயிதம் இருக்கா? இருந்தா எனக்கும் வாசிச்சுக் காட்டு. மொவன்ட்ட குடுக்காத.”

அறுவை சிகிச்சையைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. தூங்கினேன், விழித்தேன், வலித்தது, வாயில் வசவு வந்தது. மூன்றாம் நாள் நடந்தேன். வெட்டி எடுத்தது முழுவதும் பரிசோதனைக்குப் போயிருந்தது. முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரம்தான் கொடுமை. நிலை என்னவென்று அதில்தான் தெரியும். அண்ணனின் பென்சில் ஒருவேளை சரியாகவே இருந்துவிட்டால் என்ற நினைப்பு, தைலம் தேய்க்கும்போது, கஞ்சி குடிக்கும்போது, எப்போதும் கூடவே இருந்தது. அப்படி இருந்தாலும் எனக்குத் தெரிந்தே இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று என் கணவர் போய் வாங்கிவந்தார். உறை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அதை அவர் என் மடியில் வைத்தார். பிரிக்காமல் அவ்வளவு தூரம் பேருந்தில் கொண்டுவந்திருக்கிறார். என்மேல் அவருக்கு இருக்கும் அன்பை நான் நம்பியது பாத்திரம் கழுவிய நாட்களில் இல்லை, அந்த உறையைப் பார்த்தபோதுதான்.

அண்ணனும் அன்று வந்திருந்தார். இருவரையும் எதிரே உட்காரச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தேன். வார்த்தைகள் எல்லாம் இப்போது எனக்குத் தெரிந்தவை. கடையில் வாசிப்பதுபோல் ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் அதன் அர்த்தம் என்று வாசித்தேன். எண்டோமெட்ரியாய்டு அடினோகார்சினோமா. அடுத்து கிரேடு.

“அந்த வரிய விட்டுரேன்” என்றார் என் கணவர். “அதான் தெரியுமே.”

“விடமாட்டேன். கிரேடு மூணு. அது அப்படியேதான் இருக்கு.”

மேலே வாசித்தேன். தசைச் சுவரில் பாதிக்கும் குறைவான ஆழம் வரைதான் போயிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் இல்லை. குழாயில் இல்லை, சினைப்பையில் இல்லை. நிணநீர் முடிச்சு ஒன்றிலும் இல்லை. கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். நிலை ஒன்று, அதில் ஏ பிரிவு.

நான் எழுந்துபோய் பழைய அறிக்கையை எடுத்துவந்தேன். மகள் பள்ளிக்கூடம் போன காலத்து ரப்பர் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. இரண்டையும் அண்ணன் முன்னால் வைத்தேன்.

“அழிங்க.”

அவர் அழித்தார். அழுத்தி எழுதியிருந்ததால் பள்ளம் போகவில்லை. எழுபது வயது மனிதர், கண்ணில் தண்ணீர் வடிய, ‘மூன்றாம் நிலை’யைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“போதும். அழிச்ச எடத்துக்குப் பக்கத்துல ஒரு சுருக்கொப்பம் போடுங்க. பேனாவுல.”

போட்டார்.

வரைவு பதிவாகவில்லை. வீடு என் பெயரில்தான் இருக்கிறது. கொய்யாக்காய் படத்தோடு அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது. ‘தீராத நோயினால்’ என்ற இடத்தைச் சிவப்பு மையில் அடித்து, நானும் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். நோய் இனி வராது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. செல்லின் குணம் கெட்டதாக இருந்ததால் உள்ளே குழல் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும், வருடக்கணக்கில். வந்தால் வரட்டும். வந்தால் முதலில் என்னிடம் சொல்லட்டும்.

அன்று சுருக்கொப்பம் போட்டு முடித்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது என் கணவர் எழவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னொரு மட்டம் வாசி.”

“எந்த வரி? நிலை ஒண்ணா?”

“மொதல்லேருந்து. ஒரு வரியும் விடாம.”

என் பெயர், என் வயது என்று முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.